பார்த்த உடனே தெரிந்துவிடுமாம்!

பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு பச்சிளங்குழந்தையைப் பற்றி, நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பற்றித்தான். பெயர் வேண்டாம், எல்லோரும் படித்திருப்பீர்கள். "குழப்பமே இல்லை, பார்த்த உடனே ஆண் குழந்தைன்னு சொல்லிட்டேன்" என்று பெருமை வேறு. கீழே வரிசையாகக் கைதட்டல்.

பார்த்துச் சொல்கிற விஷயமில்லை சார் இது. தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் சோப்பு நீர் தடவி, இடுப்பெலும்பு முனையிலிருந்து கவட்டை வழியாகக் கீழ்நோக்கி மெல்ல வழித்து வர வேண்டும். விதை (விந்தகம்) தட்டுப்பட்டால் விசாரணை ஒரு வழியில் போகும். இரண்டு பக்கமும் தட்டுப்படவில்லையா? உறுப்பு எவ்வளவுதான் ஆண் போலத் தெரிந்தாலும், அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி) கோளாறுள்ள பெண் குழந்தையாக இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்று உறுதியாகும் வரை. காரணம், பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் குறை. கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செய்ய வேண்டிய மூலப்பொருள் ஆண் ஹார்மோனாகத் திரும்பிவிடுகிறது. உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் போதாமல் போனால் உப்பு சிறுநீரில் ஓடிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் வாரம் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். இரண்டாவது வாரம்தான் வாந்தி, எடைக்குறைவு, இரத்தத்தில் சோடியம் சரிவு, பொட்டாசியம் ஏற்றம். "மூன்றாம் நாள் சோடியம் சரியாக இருந்தது, வீட்டுக்கு அனுப்பினோம்" என்பதெல்லாம் சமாதானமே இல்லை. அப்போது சரியாகத்தான் இருக்கும்!

"17-ஓஎச்பி பிறந்த அன்றே எடுத்தோமே" என்று ஒருவர் வருவார். இந்தக் கோளாறில் இரத்தத்தில் தேங்கி உயரும் அந்த மூலப்பொருளின் அளவைத்தான் சொல்கிறார். முதல் நாள் எல்லாக் குழந்தைக்கும் அது உயர்ந்தே இருக்கும். 48 மணி நேரம் கழித்து எடுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் அப்போதும் ஏமாற்றும். கூடவே குரோமோசோம் பரிசோதனை, கர்ப்பப்பை இருக்கிறதா என்று ஸ்கேன்.

உறுப்பின் நீளத்தை அளப்பதிலும் அவசரம். அளவுகோலை உறுப்புக்கு மேலேயுள்ள இடுப்பெலும்பு வரை அழுத்தி, உறுப்பை நீட்டிப் பிடித்து அளக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு 2.5 செ.மீ.க்குக் கீழே என்றால், அளவில் சிறிய உறுப்போ என்று யோசிக்கலாம். கொழுப்பின் மேலேயே அளவுகோலை வைத்தால் கொழுகொழு குழந்தையெல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

"வாசலில் பெற்றோர் நிற்கிறார்கள், என்ன சொல்வதாம்?" சரியான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். "பிறப்புறுப்பு முழுதாக உருவாகவில்லை, சில பரிசோதனைகள் செய்துவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். தமிழில் 'குழந்தை' என்று ஆண், பெண் எதுவும் காட்டாத அழகான சொல் இருக்கிறது. அவன், அவள் என்று வாயில் வந்ததைச் சொல்லி, பெயர் வைத்து, ஊருக்கெல்லாம் சொன்னபின் மாற்றிச் சொல்ல வேண்டி வந்தால், அந்தத் தாய் யார் முகத்தில் விழிப்பாள்?

"எல்லாருக்கும் இவ்வளவு பார்க்க நேரமேது?" அரை நிமிட வேலைங்க, விரலால் தடவுவது.

அங்கே சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஒரு குழந்தையின் உடம்பு. விடுகதை இல்லை.

அவ்வளவு நீளப் பதிவில் விதை தட்டுப்பட்டதா என்று ஒரு வரி இல்லை. கீழே போய்ப் பணிவாகத்தான் கேட்டேன். பிளாக் பண்ணிவிட்டார்.