வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஒரு வரலாறு எழுதுவோம்

கொழும்பு வெள்ளவத்தையைப் பற்றி எங்கள் ஆட்கள் எழுத உட்கார்ந்தால் காலி வீதியில்தான் தொடங்குவார்கள். சேலைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, ரொக்ஸி, சவோய் தியேட்டர்கள், மார்க்கெட், கோயில்கள், அப்புறம் ஃபிளாட்டுகள். ஸ்டேஷன் ரோட்டில் இறங்கிக் கடலடிக்குப் போனால் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. எனக்கு இது கனகாலமாக இருக்கும் மனக்குறை. அந்த ஸ்டேஷன் இல்லாவிட்டால் நாங்கள் இன்று "எங்கட வெள்ளவத்தை" என்று சொல்லும் இடமே இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இளம் பிள்ளைகளிடம் கேட்டால், 83 கலவரத்துக்குப் பிறகுதான் தமிழர்கள் இங்கே வந்து குவிந்தார்கள் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. ஃபிளாட்டுகள் அதற்குப் பிறகு வந்தவைதான். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே வேர்விட்டிருந்தன. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் கடைசியில் வெள்ளவத்தையில் வந்து நிலைகொண்டது தற்செயல் இல்லை. கொழும்பில் எத்தனையோ இடம் இருக்க, ஏன் இங்கே? என் பதில், ரயில்.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 1867 இல் பாதை கண்டியைத் தொட்டது. அது கோப்பிக்காகப் போட்ட பாதை. மாட்டுவண்டியில் நாட்கணக்காக இறங்கிய கோப்பி மூட்டைகள் துறைமுகத்துக்குச் சீக்கிரம் வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் தோட்டத்துரைமாரின் கவலை. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த மலையகத்து மக்கள். இலங்கை ரயிலின் கதையில் அவர்களுடைய பங்கு முதல் பக்கத்திலேயே வரவேண்டும். பெரும்பாலும் வருவதில்லை.

கரையோரப் பாதையின் குணம் வேறு. 1877 இல் மொறட்டுவை வரைக்கும், அதே ஆண்டில் பாணந்துறை வரைக்கும் ரயில் வந்தது. 1879 இல் களுத்துறை, 1894 இல் காலி, 1895 இல் மாத்தறை. மாத்தறைக்கு அப்பால் பெலியத்தைக்குப் போக 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை. மலைநாட்டுப் பாதை மூட்டைகளை நம்பி ஓடியது என்றால் இந்தப் பாதை ஆட்களை நம்பி ஓடியது. மொறட்டுவைத் தச்சர்கள், மீன்காரர்கள், கயிறு திரிப்பவர்கள், கொழும்புக் கோட்டையில் வேலை பார்ப்பவர்கள். கரையை ஒட்டிச் சனம் நெருக்கமாக வாழ்ந்தது, ரயிலும் கரையை ஒட்டியே போனது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டினால் ஒரு பக்கம் கடல், நடுவில் வெறும் கருங்கல் அணைதான். இன்றைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அலைத்தூறல் ரயில் பெட்டிக்குள் அடிக்கும். உப்புக்காற்றில் தண்டவாளம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இந்தப் பாதை ஓடிக்கொண்டிருப்பது முகம் தெரியாத எத்தனையோ தொழிலாளர்களின் உழைப்பால்.

வெள்ளவத்தை அப்போது நகரத்தின் தென்கோடி. ஹவ்லொக் வீதிப் பக்கம் நூல் நூற்று நெய்யும் பெரிய மில் ஒன்று இருந்தது, இன்று ஹவ்லொக் சிற்றி கோபுரங்கள் நிற்கும் நிலம் அதுதான். கொழும்பு வளர வளர, கோட்டையில் அலுவலகங்கள் பெருகின. செயலகம், திறைசேரி, பெரிய தபாற்கந்தோர், சுங்கம், துறைமுகம். அந்த மேசைகளுக்கு இங்கிலீஷ் படித்த கிளாக்கர்மார் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் போட்டிபோட்டுக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பின. 1905 இல் காங்கேசன்துறை வரை பாதை முடிந்ததும் அந்த இளைஞர்களைக் கோச்சி ஏற்றிக் கொண்டுவந்து கொழும்பில் இறக்கியது. ரயில்வேயிலேயே ஸ்டேஷன் மாஸ்டராக, கார்டாக, கிளாக்கராக எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

வந்தவன் எங்கே தங்குவான்? கோட்டைக்குப் பக்கத்தில் வாடகை கட்டாது. கறுவாத்தோட்டம் பணக்காரருக்கு. வெள்ளவத்தையில் வாடகையும் தாங்கும், ரயிலேறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம் என்று கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில் கோட்டை. இப்படித்தான் சமறிகள் முளைத்தன. கலியாணமாகாத உத்தியோகத்தர் நாலைந்து பேர் ஒரு வீட்டை எடுத்து, ஊரிலிருந்து ஒரு சமையல்காரரைக் கூட்டிவந்து, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்வது. என் அப்பாவும் அப்படி ஒரு சமறியில் இருந்தவர். கலியாணம் முடித்து அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிவர வீடு தேடியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?" கோயில் எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது கேள்வி. அவருடைய நண்பர்கள் எல்லாரும் அதே வரிசையில்தான் கேட்டிருப்பார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒழுங்கைகளில் தமிழ் வீடுகள் நிரம்பியது இந்தக் கேள்வியால்தான்.

அப்பா தலைமுறையின் வாழ்க்கை இரண்டு ரயில்களில் நடந்தது. ஒன்று காலையும் மாலையும் ஏறும் ஒபிஸ் ட்ரெயின். சட்டைப் பையில் சீசன் டிக்கெட், கையில் சாப்பாட்டுப் பார்சல், தினமும் அதே பெட்டி, அதே முகங்கள். அந்தப் பெட்டியில் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்று பேப்பர் வாசித்துக்கொண்டு போனார்கள். மற்றது ஊருக்குப் போகும் நீண்ட ரயில். அரசாங்க உத்தியோகத்தருக்கு லீவில் ஊர் போய்வர ரயில் வாரண்ட், அதாவது இலவசப் பயணச் சீட்டு, கிடைக்கும். பெட்டி படுக்கையோடு வெள்ளவத்தையில் ஏறி, கோட்டையில் இறங்கி, இரவு மெயிலில் இடம்பிடித்தால் விடியும்போது வடக்குப் பனைகள். யாழ்ப்பாணத்து மணியோடர் பொருளாதாரம் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்களே, அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர்களில் எத்தனையோ பேர் இந்த ஸ்டேஷன் பிளாட்போமில் நின்றவர்கள்.

1956 ஐ நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ரயில்வேயின் பொது முகாமையாளர் பி.டி. ரம்பாலா டீசல் என்ஜின்களைக் கொண்டு நாட்டின் பாதைகளை வேகப்படுத்திய காலம் அது. பகல் ஒன்றுக்குள் கொழும்பிலிருந்து ஊருக்குப் போய்விடலாம் என்று எங்கள் ஆட்கள் கொண்டாடினார்கள். இரண்டு மாதம் முடியவில்லை, ஜூனில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஊருக்கு வேகமாகப் போக வழி கிடைத்த அதே ஆண்டில், கொழும்பில் நின்று வேலை பார்க்கும் வழி அடைபடத் தொடங்கியது. சிங்களம் படித்துப் பரீட்சை எழுதினால்தான் சம்பள உயர்வு, பதவி உயர்வு என்று ஆனபோது, பலர் காலத்துக்கு முன்பே ஓய்வு எடுத்தார்கள். ஒபிஸ் ட்ரெயினில் தமிழ்க் குரல் வருடாவருடம் குறைந்ததை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார்.

1958 இலும் 1983 இலும் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, தெரியாதவர் யாருமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு தடவையும் கொழும்பிலிருந்து அகதிகளாக வடக்குக்குப் போன ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கப்பல். எங்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்த ரயிலில் ஏறித் திரும்பிப் போக முடியாத நிலை அப்போதே வந்துவிட்டது. 1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்துக்கான ரயிலே நின்றது. அப்புறம் 24 வருடம், 2014 ஒக்டோபர் 13 வரை, யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கு ரயில் வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் இன்றைய வெள்ளவத்தை உருவானது. லொட்ஜுகள், வெளிநாட்டுக்குப் பேசும் கொமினிகேஷன் கடைகள், விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், பொலிஸ் பதிவுத் துண்டு. 1996 ஜூலை 24 மாலை, அடுத்த ஸ்டேஷனான தெஹிவளையில் ரயிலில் குண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீடு போய்க்கொண்டிருந்த சாதாரண சனம். என் அப்பா போன்றவர்கள் அத்தனை வருடம் தோளோடு தோள் நின்று பயணம் செய்த அதே மாதிரி மனிதர்கள். அவர்களுக்காக அழுவதற்கு நான் தமிழன் என்பது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. அதற்குப் பிறகு ரயிலில் தமிழில் பேசவே எங்கள் ஆட்கள் பயந்தார்கள் என்பதும் சேர்த்து எழுதப்படவேண்டிய உண்மை. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இந்த வட்டாரத்தின் வரலாறுதான்.

2004 டிசம்பர் 26 ஐயும் விட முடியாது. அன்று காலை கோட்டையிலிருந்து புறப்பட்டு எங்கள் கரையோரமாகவே போன ரயில்தான் பெரலியவில் சுனாமியில் அகப்பட்டது. 1,700 பேருக்கு மேல். உலகத்திலேயே ஆகக்கூடிய உயிரைக் காவுகொண்ட ரயில் விபத்து அது. கடலோரமாகப் போகும் பாதை எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து என்பதை அன்று நாடே கண்டது.

இன்றைக்கு என்ன நிலை? கடலோரமாக மரைன் டிரைவ் வீதி போட்டபிறகு ஸ்டேஷன் இருப்பதே பலருக்கு நினைவில்லை. கார் வைத்திருப்பவர் காலி வீதியிலும் மரைன் டிரைவிலும் நெரிசலில் கிடக்கிறார், பக்கத்தில் பவர் செட் ரயில் கடந்து போகிறது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதுதான் சனம் மறுபடி ரயிலைத் தேடி வந்தது. கால் வைக்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் கிடைத்ததும் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு நகரத்தைத் தாங்கும் தூண்களில் இந்தச் சின்ன ஸ்டேஷன்களும் அடக்கம் என்று அந்த மாதங்கள் காட்டிய பிறகும், அவற்றை நாங்கள் இப்படி நடத்துவது சரியில்லை.

இன்னொரு விடயம், இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் தண்டவாளத்தில் நடந்து போகும் பழக்கத்தை நிறுத்துங்கள். காதில் இயர்போன், ஒரு பக்கம் அலைச்சத்தம், பின்னால் வரும் ரயில் கேட்காது. இந்தப் பாதையில் இப்படிப் பறிபோன இளம் உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. படம் எடுக்கப் போகும் பிள்ளைகளைத் தாய் தகப்பன் சொல்லித் தடுக்கவேண்டும்.

சரி, நான் கேட்பது என்ன? முதலாவது, ஸ்டேஷனில் மூன்று மொழியிலும் ஒரு வரலாற்றுப் பலகை. பாதை வந்த ஆண்டும், இந்த ஊர் அதால் எப்படி வளர்ந்தது என்பதும் நாலு வரியில் இருந்தால் போதும். இரண்டாவது, வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஏறி இறங்கக்கூடிய வசதி. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அதற்கு எந்த அமைச்சரும் தேவையில்லை. எங்கள் முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சமறியில் இருந்தவர்கள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்மார், சீசனில் போய்வந்த ரீச்சர்மார், ஆடிவேல் திருவிழா பார்க்க ரயிலில் வந்து இறங்கியவர்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் பேசக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களே, உங்கள் அம்மா அப்பாவிடம் இந்தக் கிழமையே ஒரு ஃபோன் எடுத்துக் கேளுங்கள், ஃபோனிலேயே பதிவு செய்யுங்கள்.

பழைய சீசன், அட்டை டிக்கெட், வாரண்ட் துண்டு, ஸ்டேஷனில் எடுத்த படம் எது இருந்தாலும் தெளிவாக ஸ்கான் பண்ணி எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். போதிய அளவு சேர்ந்ததும் ஒழுங்குபடுத்தி நூலகம் என்ற மின்னூலக இணையத்தளத்தில் சேர்க்கக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். சிங்கள, முஸ்லிம், பறங்கி நண்பர்களிடமும் கேளுங்கள். அவர்களும் அதே பெட்டியில் வந்தவர்கள், அவர்களுடைய நினைவு இல்லாமல் எழுதினால் அந்த வரலாறு அரைகுறையாகத்தான் இருக்கும்.