புதன்கிழமை லீவு

என் அத்தை மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போயிருக்கிறான். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாட்ஸப் கால். அவன் முகத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். விஷயம் இவ்வளவுதான்: அரிசி தீர்ந்துவிட்டது, கடை ஒன்றும் திறக்கவில்லை.

"ஊரே அடைச்சுக் கெடக்கு மதினி. பந்த் மாதிரி இருக்கு. நேத்தே வாங்கி வைக்கணும்னு ஒருத்தனும் சொல்லல."

கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். ஞாயிறு கடைகளை அடைக்க வேண்டும் என்பது அங்கே சட்டமாம். ஸ்டேஷன், ஏர்போர்ட், பெட்ரோல் பங்கில் இருக்கிற கடைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டாம். சாயங்காலம் முகநூலில் "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு சட்டமா?" என்று எழுதினான். கீழே நூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது, பொறாமையில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் நாலு வருஷம் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் நின்றவள். வேலை பார்த்தவள் என்றும் எழுதலாம், ஆனால் என் கால்களுக்கு நின்றதுதான் ஞாபகம் இருக்கிறது. கஸ்டமர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது, ராக்கில் சாயக் கூடாது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021-இல். நான் அதற்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட்டேன். இப்போது சின்னதாக ஒரு தையல் கடை, கூடவே கொஞ்சம் ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ். ஆக, கவுண்டருக்கு உள்ளேயும் நின்றிருக்கிறேன், கல்லாவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு இரண்டு பக்கத்திலும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடையில் எனக்கு வார லீவு புதன்கிழமை.

லீவே தரவில்லை என்று நான் சொல்ல முடியாது. தந்தார்கள். அதில் என்ன குறை என்று மேனேஜரிடம் கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது. புதன்கிழமை ஹாஸ்டலில் எங்கள் அறையில் எட்டுப் பேரில் நான் மட்டும் இருப்பேன். துணி துவைப்பேன், தலைக்குக் குளிப்பேன், தூங்குவேன். ஊருக்குப் போகலாம்தான். போனால் அம்மா வயல் வேலைக்குப் போயிருப்பாள், தம்பி பள்ளிக்கூடத்தில், அப்பா மில்லில். பூட்டின வீட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டு, அவர்கள் வந்ததும் அவசரமாகப் பேசிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு. நாலு வருஷத்தில் அந்தக் குழம்பை எல்லோரோடும் உட்கார்ந்து நான் சாப்பிட்டது எத்தனை தடவை என்று ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன். அதுவும் தீபாவளி முடிந்த வாரங்களில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வைக்கிறார்கள். முகூர்த்த சீசனில் ஞாயிறு லீவு கேட்டால் சூப்பர்வைசர் அண்ணன் சிரிப்பார். ஊர் முழுக்கக் கல்யாணப் பட்டு எடுத்துக் கொடுத்தேன், என் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நம் ஊரில் இப்படி ஒரு சட்டமே கிடையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வாரத்தில் ஒரு நாள் கடையை முழுதாக அடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தீர்மானித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். பழைய கடைகளில் 'வார விடுமுறை' என்று தகரப் பலகை பார்த்திருப்பீர்களே, அது இதற்குத்தான். வேலை செய்கிறவருக்கும் வாரம் ஒரு முழுநாள் லீவு.

2019-இல் ஓர் அரசாணை வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருஷம் 365 நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று. முதலில் மூன்று வருஷத்துக்கு. 2022-இல் நீட்டினார்கள், 2025-இல் மறுபடியும் நீட்டினார்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் இதில் கருத்து வேற்றுமை இல்லை என்பதைக் கவனிக்கவும். ஆணையில் நிபந்தனைகள் நிறைய: ஒருவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைமோடு சேர்த்துப் பத்தரை மணி, எல்லோருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் லீவு, இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வைத்திருக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வ சம்மதம். படிக்கச் சுகமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பையனை வைத்துக்கொண்டு கடை நடத்தும் என்னைப் போன்றவள் வாரம் ஒரு நாள் அடைக்க வேண்டும், சட்டப்படி. நூறு பேர் நிற்கும் ஏழு மாடிக் கடை அடைக்கவே வேண்டாம். கடை பெரிசாகப் பெரிசாகச் சட்டம் இளைத்துப்போகிறது!

அந்த ஆணையில் எனக்கு உறுத்துகிற வார்த்தை 'சுழற்சி முறை'. என் புதன்கிழமை அதில்தான் பிறந்தது. தனியாளாக எடுக்கும் லீவு உடம்புக்கு ஓய்வு தரும், அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கிடைக்கிற லீவு வேறு ஜாதி. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குக்குப் போயின. எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு இருந்தால்தான் குடும்பமும் சங்கமும் கூட்டமும் நடக்கும், கடைக்காரரின் வியாபாரமும் வாங்குகிறவரின் அன்றாட ஆசையும் மட்டுமே அதைக் கலைக்கப் போதாது என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் அரசியலமைப்பிலேயே ஞாயிறு ஓய்வு நாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், 1919-இலிருந்து வருகிற வாசகம்.

அது கிறிஸ்தவ நாடு, நமக்கெதற்கு ஞாயிறு என்று ஒரு கேள்வி வரும். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமையும் சும்மா வந்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளிகளைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடித்தான் 1890-இல் மில் முதலாளிகள் ஞாயிறு லீவுக்கு ஒத்துக்கொண்டார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது கறிக்கடை வரிசையும் மத்தியானத் தூக்கமும்தான். சாமி சம்பந்தம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஞாயிறு எல்லாக் கடையையும் பூட்டச் சொல்கிறாயா என்றால், இல்லை. அதை ஒரு தடவை பார்த்தாயிற்று. 2020 ஜூலையில் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை சாயங்காலம் மீன் கடையிலும் கறிக்கடையிலும் என்ன கூட்டம்! எந்தக் கூட்டத்தைத் தடுக்கப் பூட்டினார்களோ அது ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றது. அது நோய்க்காலம், நேரடியாக ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் சனிக்கிழமை ராத்திரி வாரக்கூலி வாங்குகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்க ஞாயிறுதான் நாள். என் கடைக்கு ஞாயிறு காலையில் வருகிறவர்கள் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற பெண்கள். மற்ற நாளில் அவர்களுக்கு ஏது நேரம்? அவர்கள் மூஞ்சியில் ஷட்டரை இறக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

அதனால் எனக்குப் பிடித்தது இங்கிலாந்துக்காரர்கள் பண்ணியிருக்கிற ஏற்பாடு. அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் அவ்வளவு பெரும்பான்மை வைத்துக்கொண்டும் 1986-இல் ஞாயிறு கடை திறப்பு மசோதாவில் தோற்றுப்போனார். தொழிற்சங்கமும் தேவாலயமும் ஒரே பக்கம் நின்ற அதிசயம் அது. அப்புறம் 1994-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. 280 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அதற்கு மேல் போனால் ஞாயிறு ஆறு மணி நேரம்தான். ஈஸ்டர் ஞாயிறும் கிறிஸ்துமஸும் பெரிய கடைக்கு முழு அடைப்பு. 280 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் மூவாயிரம் சதுர அடி. நம் அரசாணை போட்டிருக்கிற பத்துப் பேர் என்ற எல்லையை அப்படியே திருப்பிப் போட்டால் போதும்: பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டுப்பாடு, குறைந்தால் அவரவர் இஷ்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, தைப்பொங்கல், தீபாவளி, மே தினம், இந்த நாட்களில் பெரிய கடைக்கு அடைப்பு. இவ்வளவுதான் கேட்கிறேன். ஜெர்மனி மாதிரி வாரா வாரம் கேட்கவில்லை.

பண்டிகை நாளுக்குத் தனிச் சட்டம் 1958-லிருந்தே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாள். வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று லீவு. ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் மறுநாள் பேப்பரில் 'விடுமுறை அளிக்காத கடைகள் மீது நடவடிக்கை' என்று ஒரு செய்தி வருமே, அது இந்தச் சட்டம்தான். இதில் ஒரு வேடிக்கை: மே 5 வணிகர் தினம் என்று பல ஊர்களில் கடைகளை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறார்கள். நாலு நாள் முன்னால் மே 1 அன்று அதே வீதியில் பல கடை திறந்துதான் இருக்கும். முதலாளிக்கு ஒரு நாள் என்றால் வியாபாரம் தாங்குகிறது.

சட்டம் போட்டால் ஏமாற்ற மாட்டார்களா? ஏமாற்றுவார்கள். போலந்தில் 2018-இல் ஞாயிறு கடையடைப்பு கொண்டுவந்தார்கள், கேட்டது அங்கே உள்ள தொழிற்சங்கம். தபால் சேவைக்கு விலக்கு உண்டு என்றதும் பெரிய பெரிய கடைகள் பார்சல் வாங்கிக் கொடுத்து 'நாங்களும் தபால் நிலையம்தான்' என்று ஞாயிறு திறந்துகொண்டன. 2022-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். நம்மாட்கள் இதைவிட அழகாகச் செய்வார்கள், சந்தேகமே வேண்டாம். முன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாகப் பில் போட்ட கடைகளை ஊரடங்கிலேயே பார்த்தோம்.

எனக்கே பதில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. கடையைப் பூட்டினால் ஜனம் போனில் ஆர்டர் போடும். பத்து நிமிஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனுக்கு எந்த நாள் லீவு? அவனுக்கு முதலாளி யார் என்பதே அவனுக்குத் தெரியாது, வெயிலில் நிற்கும்போது ஆப் மட்டும்தான் தெரியும். ஞாயிறு விதி அவனைத் தொடாவிட்டால், சேல்ஸ்கேர்ளின் ஞாயிறை மீட்டு அவன் தலையில் கட்டினதாக ஆகும். தொடும்படி எழுத முடியுமா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னோடு நின்ற பெண்களிலேயே சிலருக்கு ஞாயிறு மூடுவது பிடிக்காது. பீஸுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் விழுவது ஞாயிறு கூட்டத்தில்தான். அந்தக் காசில்தான் சீட்டு கட்டுவாள், தங்கச்சி ஃபீஸ் அனுப்புவாள். ஒரு ஞாயிறு போனால் அந்தக் காசுக்கு என்ன வழி என்று கேட்பாள். சம்பளத்தோடு கூடிய லீவாக இல்லாவிட்டால் இந்தச் சட்டம் அவளுக்குத் தண்டனைதான். நான் கேட்பதில் அந்த வரி இல்லையென்றால் நானே எதிர்ப்பேன்.

'வாடிக்கையாளர்கள் என்ன செய்வார்கள்' என்று கேட்கிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. பரம்பரை பரம்பரையாக லீவு. எந்த மாப்பிள்ளையாவது முடிவெட்டாமல் மணவறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? திங்கட்கிழமையே போய் வெட்டிக்கொள்கிறார்கள். என் அத்தை மகனும் இப்போது சனிக்கிழமையே அரிசி, பால், முட்டை எல்லாம் வாங்கி அடுக்கிவிடுகிறானாம். ஞாயிறு என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டேன். பக்கத்து ரூம் பையன்களோடு ஆற்றங்கரையில் நடக்கப் போகிறானாம். "வேற என்ன மதினி பண்றது, ஒண்ணுந்தான் தொறந்திருக்காதே" என்று சலித்துக்கொள்கிறான், படுவா.

நாளைக்கு ஞாயிறு. நம் கடை ஒன்றரை மணிக்குச் சாத்திவிடுவோம். பையன் அவன் அக்கா வீட்டுக்குப் போகிறான், எனக்கு அடுப்பில் கறி இருக்கும். ரவிக்கை வாங்க வேண்டியவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள்.