கொசுறு

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. ஐப்பசி மழை ராத்திரி முழுக்கக் கொட்டிவிட்டு, காலை ஏழரைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. கணுக்கால் தண்ணீரில் தனத்தின் தள்ளுவண்டி. எதிரே ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் சுந்தரம். ஒரு கையில் குடை, மறு கையில் மஞ்சப்பை, சட்டைப் பையில் செல்போன். மூன்றில் ஆபத்தானது கடைசியாகச் சொன்னது.

சுந்தரம்: கேரட் என்ன விலைம்மா?

தனம்: கால் கிலோ இருவத்தஞ்சு சாரு. ஊட்டி கேரட்டு. ராத்திரிதான் கோயம்பேட்ல எறங்கிச்சி.

சுந்தரம்: இருபத்தஞ்சா! போன வாரம் பதினஞ்சுதானே?

தனம்: போன வாரம் நீ குடை இல்லாம வந்த. இந்த வாரம் குடையோட வந்துகீற. அதான் வெல.

சுந்தரம்: அப்படி என்னம்மா இருக்கு இந்தக் கேரட்ல?

தனம்: கண்ணுக்கு நல்லது சாரு. டாக்டரே சொல்றாரு.

சுந்தரம்: நான் நாப்பது வருஷமா தின்னுட்டுத்தான் இந்தக் கண்ணாடியைப் போட்டிருக்கேன். வைட்டமின் ஏ குறைஞ்சா மாலைக்கண் வரும், அது வராம இருக்கக் கேரட் உதவும். அதுக்காகக் கண்ணாடியைக் கழட்ட வெச்சிடாது. ரெண்டாம் உலகப் போர்ல இங்கிலாந்துக்காரன், "எங்க பைலட்டுங்க கேரட் தின்னு தின்னு ராத்திரியில எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கறாங்க"ன்னு கதை கட்டி விட்டான். நிஜத்துல அவன் விமானத்துல ரேடார் இருந்தது. அதை மறைக்கத்தான் கேரட்டை முன்னாடி நிறுத்தினான்.

தனம்: மேல நல்ல கேரட்ட அடுக்கி, அடில வேற எதையோ ஒளிச்சி வச்சான்ற. நம்ம மார்க்கெட்ல மூட்ட கட்றவங்க மாதிரி.

சுந்தரம்: அதேதான்! ஆகமொத்தம் கேரட் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. இதோ, உன் வண்டி ஓரத்துல சும்மா கிடக்கே கொத்தமல்லி, அது கேரட்டைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

(இந்த இடத்தில் சுந்தரம் வாயை மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் செல்போனை வெளியே எடுத்துவிட்டார்.)

சுந்தரம்: அமெரிக்க விவசாயத் துறை கணக்கும்மா இது. ரெண்டும் பச்சையா, நூறு கிராம். கால்சியம் கொத்தமல்லியில 67 மில்லிகிராம், கேரட்ல பாதி, 33. இரும்புச்சத்து இதுல 1.8, அதுல வெறும் 0.3. வைட்டமின் சி இதுல 27, அதுல 6. கலோரி கேரட்ல 41, இதுல 23தான்.

தனம்: கலோரி கம்மியா இருந்தா தோத்துட்ட மாதிரி இல்லியா?

சுந்தரம்: எங்க வீட்டுல அதுதான் ஜெயிச்ச மாதிரி. இப்ப கேளு, வைட்டமின் கே. அடிபட்டு ரத்தம் வந்தா உறைய வைக்குமே, அது.

தனம்: கே-ன்னா கேரட்டா, கொத்தமல்லியா?

சுந்தரம்: ரெண்டும் இல்லம்மா. ரத்தம் உறையறதுக்குக் கோயாகுலேஷன்னு பேரு. இந்த வைட்டமினைக் கண்டுபிடிச்ச டென்மார்க்காரர் ஹென்ரிக் டாம், அவங்க ஊர் எழுத்துல அந்தப் பேரு கே-ல ஆரம்பிக்குதேன்னு அப்படி வெச்சாரு. 1943-க்கான நோபல் பரிசே வாங்கினாரு. அந்தக் கே, கொத்தமல்லியில 310 மைக்ரோகிராம். கேரட்ல எவ்வளவு சொல்லு?

தனம்: பேர்லயே கே வச்சிக்கினு கீது. எரநூறாவது இருக்கும்.

சுந்தரம்: பதிமூணு.

தனம்: அடப்பாவி!

(கேரட்டை அவள் பார்த்த பார்வை, கடன் வாங்கிவிட்டு ஊரை விட்டு ஓடிய சொந்தக்காரனைப் பார்க்கும் பார்வை.)

சுந்தரம்: நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். வைட்டமின் ஏ-ல மட்டும் கேரட்தான் முதல். 835 மைக்ரோகிராம். கொத்தமல்லிக்கு 337.

தனம்: அது ஆரஞ்சு கலர்ல கீது, சரி. இது பச்சையாச்சே, இதுல எங்கேந்து வந்துச்சி?

சுந்தரம்: இதுக்குள்ளயும் அதே பீட்டா கரோட்டின் இருக்கும்மா. பச்சையம் மேல படிஞ்சு மறைச்சிடும்.

தனம்: வெளிய ஒரு கட்சி, உள்ளுக்குள்ள ஒரு கட்சி. நம்ம வார்டுலயும் ஒருத்தர் கீறாரு.

சுந்தரம்: நார்ச்சத்து ரெண்டுலயும் 2.8 கிராம். அது டிரா. மத்தபடி கொத்தமல்லிதான். அதனால கேரட்டைப் பதினஞ்சு ரூபாய்க்குக் கால் கிலோ போடு. வழக்கம்போலக் கொசுறுக்குக் கொஞ்சம் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுடு.

(தனம் பதில் சொல்லவில்லை. ஈரச் சாக்கை மெதுவாக இழுத்துக் கொத்தமல்லிக் கட்டுகளை மூடுகிறாள்.)

சுந்தரம்: என்னம்மா பண்றே?

தனம்: இத்தினி வருசமா நோபல் பரிசு சரக்க சும்மா கிள்ளிக் குடுத்துக்கினு இருந்துகீறேன் சாரு. என் வூட்டுக்காரரு உசுரோட இருந்தா என்ன ஒதச்சிருப்பாரு.

சுந்தரம்: கொசுறுக்கெல்லாம் காசாம்மா?

தனம்: மழைல அழுவிப்போய் மார்க்கெட்டுக்கு வரதே பாதி. கட்டு நாப்பது ரூபா. கேரட்டுக்கு 33, இதுக்கு 67-ன்னு நீதான சொன்ன. அது கால் கிலோ இருவத்தஞ்சுன்னா இது அம்பது ஆவணும். தெரிஞ்ச மனுசன்னு பத்து ரூபா கொறச்சிகீறேன்.

(முப்பத்தைந்து வருடம் வட்டி கணக்குப் போட்ட மனிதர். வாய் திறந்தபடி நிற்கிறார். பிறகு சாதுரியமாகக் கட்சி மாறுகிறார்.)

சுந்தரம்: இரும்மா, அவசரப்படாதே. அதெல்லாம் நூறு கிராமுக்கு உள்ள கணக்கு. நூறு கிராம் கொத்தமல்லி எவன் திம்பான்? தராசுல வெச்சுப் பாரு.

(தனம் டிஜிட்டல் தராசில் இரண்டு கேரட்டை வைக்கிறாள். 110. எடுத்துவிட்டு, வேரைக் கிள்ளிய கொத்தமல்லியை வைக்கிறாள். தட்டு தெரியவில்லை. இன்னும் வைக்கிறாள். எண்ணும் தெரியவில்லை. குனிந்து தழையை விலக்கிப் பார்த்தால், 64.)

சுந்தரம்: பாத்தியா! நூறு வரணும்னா ஒரு ஆடு வரணும். நாங்க ரசத்துல போடறது அஞ்சு கிராம் இருக்குமா? அஞ்சு கிராம்ல கால்சியம் 3 மில்லிகிராம். உன் 67 எங்கே போச்சு?

தனம்: தொவையல் அரைச்சா?

சுந்தரம்: ...துவையல்னா சரி. துவையல்ல ஒரு கட்டு போகும்.

தனம்: கொத்தமல்லி சாதம்?

சுந்தரம்: நீ காய் விக்கறியா, கோர்ட்டுல வாதாடறியா? எங்க வீட்டுல ரசம்தான்மா. அதையும் கொதிக்கவிட்டா வைட்டமின் சி பாதி காலி.

தனம்: ரசத்த யாராச்சும் கொதிக்க வுடுவாங்களா? நொரை கட்னதும் எறக்கிட்டு, அப்பால தான கொத்தமல்லி கிள்ளிப் போடுவோம். எங்க ஆயா எந்த நோபலும் வாங்காமயே அப்டிதான் பண்ணிச்சி.

சுந்தரம்: சரி, என் சொந்த விஷயம் சொல்றேன். நான் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடறவன். வைட்டமின் கே அதுக்கு நேர் எதிர். அதனால எனக்குக் கொஞ்சூண்டு போதும். ஓசியில வர்ற அளவு.

தனம்: டாக்டர் துன்னவே கூடாதுன்னாரா?

சுந்தரம்: அப்படிச் சொல்லல. ஒரு நாள் கட்டுக்கட்டா தின்னுட்டு மறுநாள் பட்டினி போடக் கூடாது, தினமும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்கணும்னாரு.

தனம்: அப்ப தெனம் அஞ்சு ரூபாக்கு வாங்கிக்கோ. மாசம் நூத்தி அம்பது. மொதல் தேதி முன்பணம்.

(நோயாளியாக நடித்தால் இரக்கம் வரும் என்று நினைத்தவருக்குச் சந்தா வந்து சேர்ந்தது.)

சுந்தரம்: கொத்தமல்லியே வேண்டாம்மா! சில பேருக்கு அது சோப்பு மாதிரி நாறுமாம், தெரியுமா? அதுல இருக்கற ஆல்டிஹைடுங்கற ரசாயனம், சோப்புலயும் உண்டு. பிறவியிலயே சில மூக்குக்கு அது தூக்கலாத் தெரியும்.

தனம்: மூணாவது மாடில புதுசா குடி வந்த பையன் அதான் சொல்லிச்சி. நான் வண்டியத்தான் சோப்பு போட்டுக் கழுவிட்டேனோன்னு பயந்துட்டேன். உனுக்கு சோப்பு நாத்தம் வருதா?

சுந்தரம்: ...இல்ல. வாசனையாத்தான் இருக்கு.

தனம்: அப்ப பேசாத.

சுந்தரம்: கடைசியாச் சொல்றேன். கேரட் மட்டும் கால் கிலோ. பதினஞ்சு.

தனம்: கொத்தமல்லி நூறு கிராம் எவனும் துன்ன மாட்டான்னு நீயே சொன்ன. கேரட்டு நூறு கிராம் ரெண்டே கடி. அப்ப நெசமா வயித்துக்குள்ள போற சத்து எதுல? கேரட்டு முப்பது.

சுந்தரம்: இருபத்தஞ்சுன்னே!

தனம்: அது நீ வெவரம் சொல்றதுக்கு முந்தி.

(சுந்தரத்தின் போன் அடிக்கிறது. எதிர்முனை நமக்குக் கேட்கவில்லை. சந்தில் மற்ற எல்லோருக்கும் கேட்டிருக்கலாம்.)

சுந்தரம்: சொல்லு... வாங்கிட்டுத்தான் இருக்கேன்... பேசல, வாங்கறேன்... கேரட்டா? ஆமா, கால் கிலோ... என்னது, ஃப்ரிட்ஜுல இருக்கா? எவ்வளவு? ...நானா வாங்கினேன்? ...சரி, சரி. ரசத்துக்குத்தானே? வரேன்.

(போனைப் பையில் போடுகிறார். குடையைத் தேவையில்லாமல் விரித்துச் சுருக்குகிறார். தனம் சாக்கை விலக்கித் தயாராக நிற்கிறாள்.)

சுந்தரம்: ஒரு கட்டு கொத்தமல்லி குடும்மா.

தனம்: நாப்பது.

சுந்தரம்: முப்பது.

தனம்: முப்பத்தஞ்சு. போனைக் காட்டாம எடுத்துனு போ.

(பணம் கைமாறுகிறது. கட்டைப் பையில் வைத்த சுந்தரம் நகரவில்லை.)

தனம்: இன்னா சாரு?

சுந்தரம்: கொசுறு?

(தனம் அவரை ஒரு தரம் பார்க்கிறாள். வண்டியைப் பார்க்கிறாள். கேரட் குவியலில் துழாவி, நுனி உடைந்த ஒன்றை எடுத்து மஞ்சப்பைக்குள் போடுகிறாள்.)

சுந்தரம்: ஒண்ணுதானா? நூறு கிராமாவது வரவேண்டாமா?