தீபாவளி லீவுக்கு ஊட்டி மட்டும்தானா?
கும்பகோணத்தில் யாரைக் கேட்டாலும் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் நவக்கிரக டூர். 60 நாளுக்கு முன்பே ரயில் டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டு, எகிறிப்போன ரூம் வாடகையும் கொடுத்து, மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்பதற்கு எதற்கு லீவு?

பக்கத்திலேயே புள்ளமங்கையில், முதலாம் பராந்தகன் காலத்துக் கோயிலில், ராமாயணக் காட்சிகளைக் குட்டிக் குட்டிச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள், என்ன நுணுக்கம் தெரியுமா! தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடலை ஒட்டி. கோடியக்கரையில் வெளிமான், மழைக்காலத்தில் பூநாரையும் வரும்.

சரி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்காவது போகலாமென்றால், லீவு நாளில் படகு உண்டா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்க ஒரு நம்பர் எடுப்பதில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு எதை நம்பிக் கிளம்புவது? நேரத்தையும் கட்டணத்தையும் ஒரு போர்டில் எழுதி வைத்தால் போதுமே!