வளர்ப்பு மீன் என்ன சாப்பிடுகிறது?

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-இல் உலகம் முழுக்கக் கடலிலும் ஆற்றிலும் போய்ப் பிடித்து வந்தது 9.1 கோடி டன். குட்டையிலும் கூண்டிலும் வளர்த்து எடுத்தது 9.44 கோடி டன். மீன், இறால், நண்டு, சிப்பி எல்லாம் இதில் அடக்கம். பாசி தனிக் கணக்கு. வளர்ப்பு பிடிப்பை முந்தியது இதுதான் முதல் முறை. இவ்வளவு பெரிய விஷயத்தை நம் பக்கம் பெரிதாக யாரும் பேசியதாகத் தெரியவில்லை. பேசிய சிலரும் ஒரே மாதிரி சந்தோஷப்பட்டார்கள்: அப்பாடா, இனி கடலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தில் பாதிதான் உண்டு. மீதிப் பாதி ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "ஓய்வு". கடலில் பிடிக்கும் அளவு 1980களின் கடைசியிலிருந்து ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆறு குளம் சேர்த்து ஒன்பது கோடி டன்னை ஒட்டியே ஊசலாடுகிறது. இந்த முப்பத்தைந்து வருஷத்தில் வளர்ப்பு பல மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அதற்காக எந்த நாடும் வலையைச் சுருட்டி வைக்கவில்லை. உலகில் ஓர் ஆள் வருஷத்துக்குச் சாப்பிடும் மீன் 1961-இல் 9.1 கிலோவாக இருந்தது, 2021-இல் 20.6 கிலோ. ஆளும் பெருகி, தட்டில் மீனும் பெருகி, வளர்த்ததெல்லாம் அதற்கே சரியாகப் போனது. கடலிடமிருந்து எடுப்பதை நாம் குறைக்கவே இல்லை.

இன்னொன்று, "வளர்ப்பு மீன்" என்று ஒரே பெயரில் சொல்வதே பெரிய குழப்பம். அந்த 9.44 கோடி டன்னில் பாதிக்கு மேல் உள்நாட்டு நன்னீரில் வளர்வது, அதில் கெண்டை வகைகள்தான் பெரும் படை. சீனா, இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம், வங்கதேசம் போன்ற நாடுகளில் சாதாரண ஜனங்கள் சாப்பிடும் மீன் இது. உலக வளர்ப்பில் பாதிக்கு மேல் சீனா ஒன்றே தருகிறது. பத்திரிகைகளில் படம் போடுவதோ நார்வே சால்மனைத்தான்.

கெண்டை விஷயத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு காலத்தில் குளத்தில் விட மீன்குஞ்சு வேண்டுமென்றால், வெள்ளம் வரும்போது ஆற்றில் போய் அரித்துத்தான் எடுக்க வேண்டும். கட்லா எது, வேண்டாத மீன் எது என்று குஞ்சில் தெரியாது. வந்ததைக் கொண்டுவந்து விட வேண்டியதுதான். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, நம் நாட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கம் இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குட்டை குட்டையாகத் தெரிவதற்கும், அங்கிருந்து ஐஸ் பெட்டியில் லாரி லாரியாக வங்காளத்துக்கும் அசாமுக்கும் மீன் போவதற்கும் விதை அங்கே விழுந்தது. அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? (எனக்கும் கொஞ்ச நாள் முன்புதான் தெரியும், அது வேறு விஷயம்.)

கெண்டைக் குளத்தின் அழகு அதன் சாப்பாட்டில் இருக்கிறது. கட்லா மேல் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில் கிடக்கும் மக்கிய பொருளைப் பொறுக்கும். சாணத்தைக் கரைத்துவிட்டால் தண்ணீர் பச்சை பிடிக்கும், அந்தப் பச்சையிலிருந்து பாதிச் சாப்பாடு வந்துவிடும். அப்புறம் தவிடு, புண்ணாக்கு. இன்றைக்குக் கம்பெனித் தீவனமும் போடுகிறார்கள்தான், ஆனால் இந்த மீனை வளர்க்கக் கடலிலிருந்து இன்னொரு மீனைப் பிடித்துவர வேண்டிய கட்டாயம் இல்லை. ஜிலேபி மீனும் (திலாப்பியா) கிட்டத்தட்ட இதே கட்சி. சிப்பிக்கும் பாசிக்கும் தீவனச் செலவே கிடையாது.

சால்மனும் இறாலும் அப்படி இல்லை. அங்கேதான் என் தலைப்புக் கேள்வி வருகிறது.

நார்வேயில் 1970 வாக்கில் ஹித்ரா தீவில் கடலில் கூண்டு போட்டு ஆரம்பித்த சால்மன் வளர்ப்பு இன்று வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் டன். சால்மன் வேட்டை மீன், சின்ன மீனைத் தின்று வளர்வது. 1990-இல் அதன் தீவனத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் மீன் தூளும் மீன் எண்ணெயும்தான். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: 2020-க்குள் அதை 22 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மருந்து விஷயத்திலும் அப்படித்தான். 1987-இல் வெறும் ஐம்பதாயிரம் டன் அளவு மீனுக்கு ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். தடுப்பூசி வந்த பிறகு இன்று பல மடங்கு மீனுக்கு ஒரு டன்கூடத் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊசி! நம் ஆட்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் சதவீதம் குறைந்தது என்பதும் மொத்தம் குறைந்தது என்பதும் வேறு வேறு. பண்ணைகள் பெருகப் பெருக, தீவனத்தின் மொத்த அளவும் ஏறிக்கொண்டே போகிறது. 2022-இல் பிடித்த மீனில் சுமார் 1.7 கோடி டன் மனிதன் வாய்க்கு வராமல் நேராக அரைவைக்குப் போனது. ஆயிரம் கிலோ நெத்திலியை வேகவைத்துப் பிழிந்து உலர்த்தினால் இருநூற்றுச் சொச்சம் கிலோ தூளும், ஐம்பது கிலோ எண்ணெயும் கிடைக்கும், அவ்வளவுதான். இதற்குப் பெரிய சுரங்கம் பெரு நாட்டின் நெத்திலி. 2023-இல் எல் நினோ வந்து கடல் சூடானபோது அங்கே முதல் பருவ மீன்பிடிப்பையே ரத்து செய்தார்கள். உலகம் முழுக்கத் தூள் விலையும் எண்ணெய் விலையும் எகிறின.

மீன் தூளைக் குறைத்த இடத்தில் சால்மன் தீவனத்துக்குள் வந்தது சோயா, அதில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து. கடலின் பாரத்தை இறக்கிக் காட்டின் தலையில் ஏற்றிய கதை.

பெருவையாவது விடுங்கள். அங்கே அந்த நெத்திலியைச் சாப்பிடும் பழக்கமே குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவில் நடப்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. செனகல், காம்பியா, மொரிட்டேனியா கடற்கரைகளில் மத்தி இனத்து மீன்தான் ஏழைகளின் அன்றாடக் குழம்பு. பெண்கள் அதை வாங்கிப் புகைபோட்டு, உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறார்கள். அங்கே மீன் தூள் ஆலைகள் வந்தன. படகு கரை சேர்ந்ததும் ஆலைக்காரன் மொத்தமாக எடுத்துக்கொள்கிறான். புகைபோடும் பெண்ணுக்கு மீன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. காம்பியாவில் குஞ்சூர் என்ற ஊரில் 2017-இல் ஆலைக்குப் பக்கத்துக் காயல் தண்ணீர் சிவப்பாக மாறி மீன் செத்து மிதந்ததை உள்ளூர் மக்கள் வழக்கு வரை கொண்டுபோனார்கள். அந்தத் தூளும் எண்ணெயும் சீனாவுக்கும் துருக்கிக்கும் ஐரோப்பாவுக்கும் பண்ணைத் தீவனமாகப் போகிறது. உலக வளர்ப்பு உற்பத்தியில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே. அவர்கள் குழம்பு மீனைக் கொடுத்து அடுத்தவர் பண்ணையை வளர்க்கிறார்கள்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் "சங்காயம்" என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். விசைப்படகு மடி வலையைக் கவிழ்த்ததும் நல்ல மீன், இறால், கணவாய் எல்லாம் பொறுக்கிய பிறகு தளத்தில் மிஞ்சிக் கிடக்கும் குவியல். விரல் நீளக் காரல், வளராத சங்கரா, நண்டுக் குஞ்சு, பெயர் தெரியாத பொடிகள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கிலோ நானூறுக்குப் போயிருக்கக்கூடிய மீனும் அதில் கிடக்கும். அதை அள்ளிக் கிலோ சொற்ப விலைக்கு எடைபோட்டுக் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் அது கரைக்கு வருகிறது. வாங்க ஆள் இல்லாவிட்டால் வலைக் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக வைப்பதில் படகுக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இறாலுக்கு வருகிறேன். நம் நாட்டில் இப்போது வளர்ப்பது பெரும்பாலும் வனாமி. பசிபிக் கடல் இறால், 2009-இல்தான் இங்கே அனுமதித்தார்கள். இதன் பயணத்தைப் பாருங்கள். தாய் இறால் ஹவாயிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் விமானத்தில் வந்து சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் கூடத்தில் தங்கும். அங்கிருந்து மரக்காணம் பக்கமும் ஆந்திரக் கரையிலும் உள்ள குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகும். குஞ்சு பண்ணைக்கு வந்து நூறு, நூற்றிருபது நாளில் வளர்ந்து, தோலுரித்து, உறைய வைத்து, கப்பலேறிக் கணிசமான பங்கு மறுபடி அமெரிக்காவுக்கே போய்ச் சேரும். இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறைய வைத்த இறால்தான்.

நாகை பக்கம் என் மாமா ஒருவர் பண்ணை வைத்திருந்தார். ஒருமுறை ராத்திரி அங்கே தங்கினேன். துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கும் சத்தம் விடிய விடிய ஓயவில்லை. தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து செக் ட்ரேயைத் தூக்கிப் பார்ப்பார். தட்டில் தீவனம் மிச்சமா, இறாலின் முதுகில் தெரியும் குடல் கோடு நிறைந்திருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். குடல் வெறுமையாக இருந்தால் மனுஷனுக்கு முகமே செத்துவிடும். "மாப்ளே, கரன்ட் போயி ஜெனரேட்டரும் எடுக்கலன்னு வச்சுக்க, விடியறதுக்குள்ள மொத்தக் குட்டையும் மிதந்துரும்" என்றார். வெள்ளைப்புள்ளி நோய் இரண்டு முறை துடைத்துக்கொண்டு போனபின் விட்டுவிட்டார். பண்ணைக்காரர்களைக் கொள்ளைக்காரர்கள்போல எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும். கடன் அவருடையது, நோய் பயம் அவருடையது. கவுன்ட்டுக்கு (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) விலை வைப்பது வேறு யாரோ. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது முதல் அடி வாங்கியதும் இந்த இறால்காரர்கள்தான்.

அதே நேரம், அந்தப் பண்ணைகளுக்கு அடுத்த வயல்காரன் சொன்னதையும் மறைக்கக்கூடாது. 90களில் நாகை மாவட்டத்தில் நெல் வயலுக்குப் பக்கத்திலேயே உப்புத் தண்ணீரைத் தேக்கி இறால் போட்டபோது நிலத்தடி நீர் உவர்த்தது. குடிக்கத் தண்ணீருக்குப் பெண்கள் குடம் தூக்கி நடந்தார்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை, பாரம்பரிய முறைப் பண்ணைகளை மட்டும் விட்டுவிட்டு, அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அப்புறம் என்ன ஆனது? 2005-இல் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டால் பண்ணை நடத்தலாம் என்று ஆக்கிவிட்டார்கள். தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வெளியே சில இடங்களில் துணிச்சலாக முடிவெடுக்கிறார்கள். அர்ஜென்டினாவின் தியரா டெல் ஃபுவேகோ மாகாணம் 2021-இல் சால்மன் கூண்டுகளுக்கே தடை போட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் திறந்த வலைக் கூண்டுகளை 2029-க்குள் எடுத்துவிட வேண்டும் என்று அந்த நாட்டு அரசு அறிவித்திருக்கிறது. அந்த அளவுக்கு இங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மாமா மாதிரி ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நாளில் தெருவில் நிறுத்த முடியாது.

நான் கேட்பது மானியத்தைப் பற்றி. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. அந்தப் பணம் எந்த மீனுக்குப் போகிறது, அந்த மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். ஏரி குளத்தில் கெண்டை விடுகிற ஊருக்கும், ராமநாதபுரத்தில் பாசி வளர்க்கும் பெண்களுக்கும் முதலில் கொடுங்கள். பாசியிலும் வெளிநாட்டுப் பாசி பவளப் பாறைமேல் படர்ந்த அனுபவம் மன்னார் வளைகுடாவில் நமக்கு இருக்கிறது, ஆகவே நாட்டுப் பாசியாகப் பார்த்துக் கொடுங்கள். இறால் தீவனக் கம்பெனிக்காரர்கள் மூட்டைமேல் புரதம் எத்தனை சதவீதம் என்று அச்சடிக்கிறார்கள். அந்தப் புரதம் எந்தக் கடலில் பிடித்த எந்த மீனிலிருந்து வந்தது என்றும் அச்சடிக்கச் சொல்ல வேண்டும். ஆடு மாட்டுக்கு நாம் பரம்பரையாகத் தழை, வைக்கோல், புண்ணாக்கு என்று கொடுத்தோம்; ஆட்டுக்கு ஆட்டுக்குட்டியை அரைத்துப் போட்டு வளர்க்க நம் ஊரில் யாரும் யோசித்ததில்லை.

அப்புறம் சாப்பிடுகிற நம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வஞ்சிரம் வாலைத்தான் எல்லோரும் தேடுகிறோம். ஜிலேபியைக் கண்டால் "குளத்து மீனா, சேற்று வாடை" என்று முகத்தைத் திருப்புகிறோம். ஹோட்டலில் போய் ஃபிஷ் ஃபிங்கர் என்று கேட்டால் பல இடங்களில் வருவது வியட்நாம் மீகாங் ஆற்றுப் பக்கம் வளர்ந்த பாசா. அதுவும் நன்னீர்க் குட்டை மீன்தான். அதை மட்டும் ஒரு வாடையும் இல்லாமல் தக்காளி சாஸில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். சேற்று வாடைதான் பிரச்சினை என்றால், மீனைப் பிடித்து சில நாள் சுத்தமான ஓடும் தண்ணீரில் தீவனம் போடாமல் விட்டு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். இதைச் செய்து, உயிரோடு விற்கிற கடை உங்கள் ஊரில் இருந்தால் கமென்ட்டில் இடம் சொல்லுங்கள்.