குழாய்க்குள்ள உளுந்து

(செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்ட், மத்தியானம். மாமா புது டீசல் வண்டி வாங்கி நாலு மாசம். மாப்ள கொச்சில ஒரு டாக்ஸி கம்பெனில ஓட்டுதான், லீவுல வந்திருக்கான்.)

மாமா: ஏலே, மீட்டர்ல ஒரு லைட்டு எரியுது பாரு, குழாய்க்குள்ள உளுந்து கொட்டுன மாதிரி.

மாப்ள: உளுந்து இல்ல மாமா, கரி. 2020ல பிஎஸ்6னு புது புகை விதி வந்ததுல இருந்து டீசல் வண்டி சைலன்சர் லைன்ல ஒரு சல்லடை வச்சு விடுதான், டிபிஎஃப்னு, புகைல வர்ற கரியெல்லாம் அதுல தங்கும், வண்டி நல்லா சூடாகி ஓடுனா அதுவே எரிஞ்சு போயிரும். நீங்க எங்கெங்க ஓட்டுதீய?

மாமா: ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்டேஷன்.

மாப்ள: வெளங்கிரும்.

மாமா: டீசல்னா மைலேஜ் தானல?

மாப்ள: மைலேஜ் உண்டு, இல்லைங்கல. ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது, காத்த 16 மடங்கு அமுக்குன சூட்டுலயே தானா பத்திக்கிடும், பெட்ரோல அவ்வளவு அமுக்குனா என்ஜின் தட்ட ஆரம்பிச்சிரும், அதான் டீசல் கம்மியா குடிக்கி. ஆனா 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாக்கு மேல வித்தியாசம் இருந்துச்சு, 2014ல கவர்மெண்ட் டீசல் விலைக் கட்டுப்பாட்ட விட்டதோட அது போச்சு, வண்டி விலை மட்டும் கூட. எங்க கம்பெனில டவுனுக்குள்ள பெட்ரோலும் சிஎன்ஜியும்தான், மூணாறு ட்ரிப்புக்குத்தான் டீசல். டெல்லில 2015லயே பசுமைத் தீர்ப்பாயம் 10 வருசம் ஆன டீசல் ஓடக்கூடாதுன்னுட்டு, பெட்ரோலுக்கு 15.

மாமா: அது அந்தச் செங்கோட்டைக்கு. இந்தச் செங்கோட்டைக்கு இல்லையே? எனக்கு லோனே 7 வருசம்ல!

மாப்ள: இல்ல. ஆனா உளுந்து இங்கயும் உளுந்துதான். 60க்கு கொறையாம ஒரு 20 நிமிசம் விடாம ஓட்டுங்க, எரிஞ்சிரும்.

மாமா: புனலூருக்கு ஒருத்தன் கேட்டான்...

மாப்ள: ஆரியங்காவு வளைவுல எங்க 60ல போவீய? கடையநல்லூர் வழியா ராஜபாளையம் ரோட்டுல போங்க. புனலூர் கேரளாலா, அங்க டீசல் போட்டா 2023ல இருந்து லிட்டருக்கு 2 ரூபா செஸ் வரி வேற.

மாமா: போல, புனலூர்க்காரனே இங்க வந்துதான் டேங்க ரொப்பிட்டு போறான். ஆனா காலி வண்டியா ஓட்டி கரிய எரிக்க டீசல எரிக்கணுமா? எங்கப்பன் அம்பாசடர்ல கரி வெளிய போச்சு, பின்னால வர்றவன் மூஞ்சில. நமக்கு செலவு இல்ல.

(பெட்டியோட ஒரு அம்மா வாராங்க.)

அம்மா: அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு போவுமா?

மாமா: ஏறும்மா, அதே ரேட்டுதான். கடையநல்லூர் வழியா போவும்.