பாக்குத் தோட்டத்தைக் காடு என்று எழுதியவர்கள்

போன மாதம் கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரர் சொன்ன ஒரு பேச்சு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பர்மாவின் தென்கோடியில் ஓடும் தெனாசரிம் ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமங்களைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். "அந்தக் காட்டுக்குள்ள என்னம்மா இருக்கு? எல்லாரையும் டவுனுக்கு இறக்கி விட்டுட்டா புள்ளைங்களாவது பொழைச்சுக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. நல்ல மனிதர், பரிமாறுபவரைக் கூப்பிட்டு எனக்கு இரண்டாம் முறை பாயசம் ஊற்றச் சொன்னவர். அதனால்தான் பந்தியில் வாயை மூடிக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

நான் மோல்மேனில் பிறந்தவள், மெர்கியில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாக்கு வியாபாரம். 2017-ல் ஒருமுறை மாமாவோடு நானும் கொள்முதலுக்குப் போனேன். தெனாசரிம் டவுன் வரை சாலை இருக்கிறது. அங்கே பெரிய ஆறும் சின்ன ஆறும் கலக்கின்றன. அதற்கு மேலே படகுதான். போன ஊரின் பெயரை எழுதமாட்டேன், ஏன் என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரேன் மக்களின் ஊர். நாற்பது வீடு இருக்கும், எல்லாம் கால் நட்டுக் கட்டிய மர வீடுகள். கூரையில் சின்ன சோலார் தகடு. போன் பேச வேண்டுமென்றால் ஒரு மேட்டில் ஏறி, அங்கே ஒரு குறிப்பிட்ட மரத்தடியில் நிற்க வேண்டும். அந்த மரத்துக்கு ஊரே வரிசை கட்டும்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட. அமா என்று கூப்பிட்டேன், பர்மிய மொழியில் அக்கா. "தோட்டத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அதற்குள்தானே அரைமணி நேரமாக நடக்கிறோம்" என்றார். எனக்குக் காடாகத்தான் தெரிந்தது. மேலே பெரிய மரங்கள், நடுவில் துரியன், முந்திரி, இடையிடையே ஒல்லியாகப் பாக்கு, அடியில் ஏலக்காய். வரிசை கிடையாது, வேலி கிடையாது. எந்த மரம் எந்தப் பாட்டி நட்டது என்று அமா ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கண்ணுக்குக் காடாகத் தெரிவதுதான் அந்த ஊருக்கு வந்த வினை. 1999-ல் அன்றைய ராணுவ அரசு, தெனாசரிம் பகுதியை நாட்டின் எண்ணெய்க் கிண்ணம் ஆக்குகிறேன் என்று 5 லட்சம் ஏக்கர் செம்பனைக்குத் திட்டம் போட்டது. கம்பெனிகளுக்கு அதைவிட எவ்வளவோ அதிகமான நிலம் ஒதுக்கப்பட்டது. பெரும்பகுதியில் பனை நடவே இல்லை. பெரிய மரங்களை வெட்டி விற்றதோடு சரி. 2002-ல் இன்னொரு பக்கம் தெனாசரிம், லென்யா என்று இரண்டு தேசியப் பூங்காக்களுக்குக் கோடு கிழித்தார்கள். அடுத்த வருடமே, பர்மாவில் பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படாத கர்னி பிட்டா என்ற சின்னப் பறவையை இந்தத் தாழ்நிலக் காடுகளில் கண்டுபிடித்தார்கள். பறவைமேல் எனக்கு வருத்தம் இல்லை. அது கிடைத்ததே அந்தக் காட்டை யாரோ அழிக்காமல் வைத்திருந்ததால்தானே?

கோடு கிழித்தபோது ஊரில் ஆள் இல்லை. 1997 பிப்ரவரியில் ராணுவம், கரேன் மக்களின் ஆயுத அமைப்பான கேஎன்யூவின் பகுதிக்குள் புகுந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் மலை தாண்டித் தாய்லாந்துக்கு ஓடினார்கள், பலர் தம் ஹின் முகாமில் தங்கினார்கள். அமாவும் அதில் ஒருத்தி, கைக்குழந்தையோடு. 2012 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் சிலருக்குத் தோட்டம் இருந்த இடத்தில் பனை. சிலருக்குப் பூங்கா எல்லைக் கல். இவர்களுக்கு மரம் மட்டும் இருந்தது, காகிதம் இல்லை.

காகிதத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. காலி நிலம், தரிசு நிலம், கன்னி நிலச் சட்டம், 2012. அதை 2018 செப்டம்பரில் திருத்தி, ஆறு மாதத்துக்குள் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்துமீறல், இரண்டு வருடம் வரை சிறை என்றார்கள். 2019 மார்ச்சோடு கெடு முடிந்தது. மேட்டு மரத்தடியில் வரிசையில் நின்று போன் பேசுகிற ஊருக்கு இந்தச் சேதி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும்? பாட்டி நட்ட மரம் நிற்கிற நிலத்தைக் காலி என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

"அப்படியென்றால் ஆளுக்கொரு பட்டா கொடுத்துவிட்டால் போயிற்று" என்று ரங்கூன் படிப்பாளிகள் சொல்வார்கள். இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் நம்முடைய சொந்தக் கதையே.

கீழ்பர்மாவின் நெல் நாட்டில் விவசாயியிடம் பட்டா இருந்தது. பட்டா இருந்ததால்தான் நம் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், நிலத்தின்மேல் கடன் கொடுத்தன. 1930-ல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை, வட்டிக்கு விட்டவர்களுக்கு வயல் எதற்கு? ஆனாலும் நிலம் இழந்தவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. 1964-ல் கடைகளையும் எடுத்தது. என் தாத்தாவின் கடைக்கு லைசென்ஸ், வரி ரசீது எல்லாம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பெட்டி இன்னும் இருக்கிறது, அம்மா அதில் பொத்தானும் நூலும் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆகவே தனித்தனிப் பட்டாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிரசவச் செலவு, ஒரு மலேரியா, பாக்கு விலை ஒரு வருடம் சரிவு, போதும். பட்டா அடகுக்குப் போய்விடும். அந்த ஊருக்கு வேண்டியது ஊர் பெயரில் நிலம்: அடகு வைக்க முடியாதது, தோட்டமும் காடும் ஆறும் சேர்ந்தது. இது என் கற்பனை இல்லை. கேஎன்யூவின் 2015 நிலக் கொள்கை ஊர்ப் பொது நிலத்தையும் வழக்காற்று உரிமையையும் ஏற்கிறது. 2018-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பெரிய இயற்கைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தங்களைக் கேட்காமல் வருகிறது என்று கரேன் அமைப்புகள் முறையிட்டு, அதை நிறுத்திவைக்கவும் வைத்தன. "காட்டுக்குள்ள இருக்கிறவங்க" செய்த வேலை இது.

விலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டுக் குறை என்பதால் மறைக்கக் கூடாது. பர்மா முழுக்க இன்றும் எடை வீசைதான், பெயர் நம் தமிழ் வீசையிலிருந்து வந்தது, பர்மாவில் அது சுமார் 1.63 கிலோ. அமா ஒரு வீசைக்கு வாங்கும் காசும் ரங்கூனில் குன்யா (வெற்றிலைப் பாக்கு) கடைக்காரன் அதே வீசைக்குக் கொடுக்கும் காசும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாதவை. நடுவில் பல கைகள், அதில் எங்கள் மாமா கையும் ஒன்று. "படகு டீசலுக்கு யார் கொடுப்பா?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். முழு நியாயமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒதுக்குப்புறம் என்ற சொல்லே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணி மெர்கியில் இறங்கி, இந்த ஆற்றில் ஏறி, மலை கடந்து அயுத்தியாவுக்குப் போனது. அப்போது இது பெருவழி. ஆறு நகரவில்லை, வியாபாரம்தான் வேறு பக்கம் போய்விட்டது.

பள்ளி, மருத்துவம் பற்றிப் பந்திக்காரர் சொன்னது மட்டும் சரி. நான் போனபோது நாலாம் வகுப்புக்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதுவும் இல்லை. 2021-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவித்ததும் இளவட்டங்கள் கிடைத்த வழியில் தாய்லாந்துக்குப் போனார்கள். அன்று கைக்குழந்தையாக எல்லை தாண்டிய அமாவின் மகளும் இப்போது தன் காலாலேயே மறுபடி தாண்டியிருக்கிறாள். டவுனுக்கு இறக்கி விடலாம் என்கிறீர்களே, எந்த டவுனுக்கு? மெர்கியிலும் மோல்மேனிலும் நம் பையன்களே தங்குகிறார்களா?

இந்தக் கோடையில் படகுக்காரர் வழியாகச் சேதி வந்தது. அமா வீட்டுக்குப் பின்னால் முந்நூறு பாக்குக் கன்று நட்டிருக்கிறாராம். காய்க்க ஆறேழு வருடம் பிடிக்கும். "யார் பறிக்கிறதாம்?" என்று மாமா கேட்டார். படகுக்காரருக்குப் பதில் தெரியவில்லை.

பந்தியில் பக்கத்தில் இருந்த அண்ணே, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பௌர்ணமி பூஜைக்கு வருவேன், மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.